நார்த் பிளாட்டுக்கு இரங்கல் பூ அனுப்பணும்: உள்ளூர்க் கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓமஹாவாசி (கேள்வி)

வணக்கம். எங்கள் டீம் மேனேஜரின் அப்பா நேற்று தவறிட்டார். ஊர் நார்த் பிளாட். நாங்கள் இருப்பது ஓமஹாவில். இரண்டும் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம்தான், ஆனால் இங்கிருந்து கிட்டத்தட்ட 280 மைல். யூனியன் பசிபிக் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வியாழன் மாலை 5 முதல் 7 வரை ஃபியூனரல் ஹோமில் (இறுதிச்சடங்கு நடத்திக் கொடுக்கும் நிலையம்) உடலைப் பார்வைக்கு வைக்கிறார்கள். வெள்ளி காலை 10.30க்கு சர்ச்சில் ஆராதனை, அதன் பிறகு அடக்கம். வேலை நாள் என்பதால் எங்களால் போக முடியாது. எட்டுப் பேர் தலைக்கு 15 டாலர் போட்டு 120 டாலர் சேர்த்திருக்கிறோம். இப்போது திங்கள் இரவு.

இணையத்தில் தேடினால் முதலில் வருகிற நாலைந்து கடைகளின் பெயரிலும் ஊர்ப்பெயர் இருக்கிறது. ஆனால் தெரு முகவரி எதிலும் இல்லை, எல்லாம் 800இல் தொடங்கும் கட்டணமில்லா நம்பர். இதில் உண்மையிலேயே அந்த ஊரில் இருக்கும் கடை எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு தளத்தில் ஸ்டாண்டு வைத்த பெரிய மலர் அலங்காரம் 119 டாலர் என்று படம் போட்டிருக்கிறது. அதை வாங்கலாமா? வெள்ளைப் பூ மட்டும்தான் அனுப்பணுமா? நம்ம ஊர் மாலை மாதிரி ஏதாவது கிடைக்குமா? கார்டில் என்ன எழுதுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கத்தரியும் கம்பியும்

முதலில் அந்த 119 டாலர் படத்தை மூடி வைத்துவிடுங்கள். ஊர்ப்பெயர் இருந்து தெரு முகவரி இல்லாத தளங்கள் பெரும்பாலும் பூக்கடையே கிடையாது. அவர்கள் ஆர்டரை மட்டும் பிடித்து, தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை உண்மையான கடைக்குத் தள்ளிவிடும் இடைத்தரகர்கள். இப்படி ஊர்ப்பெயரைப் போட்டு உள்ளூர்க் கடை போலக் காட்டிக்கொள்வதைத் தடுக்கப் பல அமெரிக்க மாநிலங்கள் சட்டமே போட்டிருக்கின்றன. இருந்தும் தேடலில் விளம்பரமாக மேலே வந்து நிற்பது அவர்கள்தான்.

உங்கள் 120 டாலர் இரண்டு வழியிலும் என்ன ஆகிறது என்று ஒரு தோராயக் கணக்குப் பாருங்கள்.

நேராகக் கடைக்குப் போன் செய்தால்: டெலிவரி 12 டாலர் என்று வையுங்கள். நெப்ராஸ்கா மாநில விற்பனை வரி 5.5 சதவீதம், அதன் மேல் ஊர் வரியும் சேரும். இவை போகப் பூவுக்கு ஏறக்குறைய 100 டாலர் நிற்கும்.

இடைத்தரகர் வழியாகப் போனால்: சர்வீஸ் சார்ஜ் என்று 15, 20 டாலர் முதலிலேயே போய்விடும். வரியும் கழித்தால் 92 டாலர் மாதிரி மிஞ்சும். இந்தத் தொழிலில் ஆர்டர் பிடிப்பவருக்கு 20 சதவீதம், நடுவில் இருந்து ஆர்டரைக் கடைக்குக் கடை கைமாற்றும் வலையமைப்புக்கு 7, பூவைக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுக்கும் கடைக்கு 73 என்பது வெகுகாலமாக இருந்துவரும் பங்கு. 92இல் 73 சதவீதம் என்றால் 67. டெலிவரிக்கு வண்டி ஓட்டும் செலவும் அந்த 67க்குள்ளேயே அடக்கம். ஆக பூவுக்கு 55 டாலர். படத்தில் காட்டியது 119 டாலர் அலங்காரம், கடைக்காரர் கையில் இருப்பது 55. ஒன்று பூவைக் குறைப்பார், இல்லையென்றால் “இந்த விலைக்குக் கட்டாது” என்று ஆர்டரைத் திருப்பி அனுப்புவார். திருப்பியது வேறு கடைக்குப் போகும், அங்கேயும் மறுத்தால் இன்னொரு கடை. இரண்டு மூன்று கடை மட்டுமே இருக்கிற ஊரில் இப்படி ஆர்டர் சுற்றிக்கொண்டிருக்கும்போது வியாழன் மாலை 5 மணி கடந்துவிடும். பூ வந்து சேராமல் போவதற்கு நான் சொல்லும் முதல் காரணம் இதுதான்.

ஒரு விஷயம் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எஃப்டிடி, டெலிஃப்ளோரா போன்ற வலையமைப்புகளில் உறுப்பினராக இருப்பதால் ஒரு கடை மோசம் ஆகிவிடாது. நிறைய நல்ல உள்ளூர்க் கடைகள் அவற்றில் இருக்கின்றன. எஃப்டிடி 1910இல் தொடங்கியபோது அதன் பெயரே பூக்கடைக்காரர்களின் தந்தி டெலிவரி என்றுதான் பொருள்படும். 1965இல்தான் ‘தந்தி’ போய் ‘டிரான்ஸ்வேர்ல்டு’ வந்தது. அது தொடங்கியது ரயில் ஸ்டேஷனில் தந்தி இருந்த காலம். பூவைப் பெட்டியில் போட்டு ரயிலேற்றினால் வாடும், தந்தியில் செய்தி போனால் அந்த ஊர்க் கடைக்காரர் அன்று காலை வந்த பூவில் கட்டிக் கொடுப்பார். நல்ல யோசனை. ஆனால் அது இரண்டு கடைகளுக்கு நடுவே நடந்த ஏற்பாடு. இப்போது போன் உங்கள் கையிலேயே இருக்கிறது. அந்த ஊர்க் கடையோடு நீங்களே பேசலாம், நடுவில் ஆள் வேண்டாம்.

உண்மையான கடையைக் கண்டுபிடிக்க மிகச் சுலபமான வழி: நாளைக் காலை ஃபியூனரல் ஹோமுக்கே போன் செய்யுங்கள். “உங்களுக்கு வழக்கமாகப் பூ கொண்டுவந்து தரும் உள்ளூர்க் கடைகள் எவை?” என்று கேளுங்கள். இரண்டு மூன்று பெயர் சொல்வார்கள். அவர்கள் இணையதளத்தில் ‘பூ அனுப்ப’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்த வேண்டாம். பல ஊர்களில் அது உள்ளூர்க் கடைக்குப் போகாமல் வெளியே உள்ள விற்பனைத் தளத்துக்குப் போகிறது.

கிடைத்த பெயரைச் சரிபார்க்க மூன்று விஷயம். நம்பர் 308இல் தொடங்குகிறதா, அதுதான் மேற்கு நெப்ராஸ்கா. தெரு முகவரியும் 69101 என்ற ஜிப் கோடும் இருக்கிறதா. அந்த முகவரியை வரைபடத்தில் தெருக்காட்சியாகத் திறந்தால் கடைப் பலகை தெரிகிறதா. இத்தனையும் சரியாக இருந்தாலும் போனில் ஒரு கேள்வி கேளுங்கள்: “இதை உங்கள் கடையிலேயே கட்டுகிறீர்களா? இன்றைக்குக் கூலரில் என்ன பூ இருக்கிறது?” உண்மையான கடைக்காரர் திரும்பிப் பார்த்து உடனே பட்டியல் சொல்வார். கால் சென்டர் ஆள் இணையதளத்தில் இருக்கும் பட நம்பரைக் கேட்பார்.

நேரம்: செவ்வாய் காலையே சொல்லிவிடுங்கள். அன்றன்றைக்கே டெலிவரி செய்ய நண்பகல் வரை ஆர்டர் எடுப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் சின்ன ஊர்க் கடைக்கு மொத்த வியாபாரியின் குளிர்வண்டி வாரத்தில் சில நாள்தான் வரும். அமெரிக்காவில் விற்கும் பூவில் பெரும்பகுதி கொலம்பியா, ஈக்வடாரிலிருந்து மயாமியில் விமானத்தில் இறங்கி, அங்கிருந்து லாரியில் வருவது. வந்ததும் அப்படியே கட்ட முடியாது. காம்பின் அடியில் ஓர் அங்குலம் சாய்வாக வெட்டி, பூவை வாடாமல் வைக்கும் பொடி கலந்த தண்ணீரில் சில மணி நேரம் நிறுத்தணும். ரோஜாவுக்கு ஓர் இரவு வேண்டும். ஓரியன்டல் லில்லி இறுக்கமான மொட்டாக வரும். விரிய மூன்று நாலு நாள் ஆகும். வியாழன் காலை லில்லி கேட்டால் பச்சை மொட்டுதான் போய் நிற்கும், பிறகு “பூவே இல்லை” என்று வருத்தப்படுவீர்கள். செவ்வாயே சொன்னால் விரிந்துகொண்டிருக்கும் காம்பை உங்களுக்கென்று ஒதுக்கி வைப்பார்.

---

பிளாட்_நதிக்கரை

மேலே சொன்னது அத்தனையும் சரி. என்ன அனுப்பலாம் என்பதை நான் சொல்கிறேன்.

சவப்பெட்டி மேல் விரிக்கும் பெரிய மலர்ப்போர்வை குடும்பத்தாருக்கு உரியது. மனைவி, பிள்ளைகள் சொல்லி வைப்பார்கள். வெளியாள் அனுப்பக்கூடாது. இதயம், சிலுவை வடிவமும் நெருங்கிய சொந்தம்தான். உடன் வேலை செய்பவர்கள் அனுப்புவது மூன்று வகை: மூன்றுகால் கம்பி ஸ்டாண்டில் நிற்கும் அலங்காரம், கூடை அல்லது ஜாடியில் கொத்து, தொட்டிச் செடி.

உங்களிடம் பூவுக்கு நிற்பது 100 டாலர். ஸ்டாண்டு வேண்டாம். ஸ்டாண்டு அலங்காரம் தூரத்திலிருந்து பார்க்கிற பொருள், ஆள் உயரம் நிற்கும். அது நிறைவாகத் தெரிய 30 காம்பாவது வேண்டும், கம்பிக்கும் கூண்டுக்கும் தனி விலை. 100 டாலரில் கட்டினால் நடுவில் நாலு கிளாடியோலஸ், சுற்றிலும் இலைதழை என்று ஒல்லியாக நிற்கும். அதே 100 டாலரில் கூடை சொன்னால் கை நிறையப் பூ இருக்கும். இன்னொன்று, அடக்கம் முடிந்ததும் ஸ்டாண்டு கல்லறையோடு போய்விடும். கூடையையும் ஜாடியையும் செடியையும் குடும்பம் வீட்டுக்குக் கொண்டுபோகும். உங்கள் மேனேஜர் அடுத்த வாரமும் அதை மேசையில் பார்ப்பார்.

பூவில் என்ன கேட்பது? சாமந்தி, கார்னேஷன், ஸ்னாப்டிராகன், ஆல்ஸ்ட்ரோமீரியா. நாலும் தாக்குப்பிடிக்கும் பூ. சூடான மண்டபத்தில் இரண்டு நாள் நின்றாலும் தொங்காது. சாமந்தி மலிவுப் பூ என்று நினைக்க வேண்டாம், துக்க அலங்காரத்துக்கு அங்கே அது முறையான பூ. ஹைட்ரேஞ்சா கேட்காதீர்கள். கூடையில் பூவைக் குத்தி நிறுத்தும் பச்சை ஸ்பாஞ்சில் அதன் காம்பு தண்ணீர் சரியாக இழுக்காது, மாலைக்குள் துவண்டுவிடும். சம்பங்கி, மல்லிகை சின்ன ஊர்க் கடையில் இருக்காது. மாலை கட்டுகிற வழக்கமும் அங்கே இல்லை. கேட்டால் ஹவாய் மாலை என்று புரிந்துகொள்வார்கள்.

நிறம்: வெள்ளை மட்டும்தான் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ரயில்வேக்காரர் என்றீர்களே, ஒரு யோசனை சொல்கிறேன். யூனியன் பசிபிக் எஞ்சினின் நிறம் அந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். மஞ்சள் உடம்பு, மேலே சாம்பல், நடுவே சிவப்புக் கோடு. மஞ்சள் ஸ்னாப்டிராகனும் மஞ்சள் சாமந்தியும் பெரும்பகுதி, அதில் சிவப்பு கார்னேஷன் ஐந்தாறு, சாம்பல் பூத்த யூகலிப்டஸ் இலை. “யூபி நிறத்தில் வேண்டும்” என்று சொன்னால் போதும், நார்த் பிளாட் கடைக்காரருக்கு வேறு விளக்கம் வேண்டாம். ரயில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் யார்டுகளில் உலகத்திலேயே பெரியதான பெய்லி யார்டு அந்த ஊரில்தான் இருக்கிறது, 2,850 ஏக்கர். ஊர் ஜனத்தொகை 23,000தான். எந்த வீட்டை எடுத்தாலும் அங்கே வேலை பார்த்த ஆள் ஒருவராவது தெரிந்தவராக இருப்பார். கம்பெனிச் சின்னம் பதித்த ரிப்பன் மட்டும் கேட்காதீர்கள், நிறமே போதும்.

ஒரு எச்சரிக்கை. மேனேஜர் வீட்டிலோ அவர் அம்மா வீட்டிலோ பூனை இருந்தால் லில்லியே வேண்டாம். இதழ், மகரந்தம், ஜாடித் தண்ணீர் எதைத் தொட்டு நக்கினாலும் பூனையின் சிறுநீரகம் போய்விடும். தெரியவில்லை என்றாலும் தவிர்ப்பதே நல்லது. துக்க வீட்டில் யாருக்கும் பூனையைக் கவனிக்க நேரம் இருக்காது.

எங்கே அனுப்புவது: வியாழன் ஃபியூனரல் ஹோமுக்கு. சர்ச்சுக்கு நேராக அனுப்பாதீர்கள். அங்கே வாங்கி வைக்க ஆள் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஃபியூனரல் ஹோம்காரர்களே வெள்ளிக் காலை எல்லாப் பூவையும் சர்ச்சுக்கு எடுத்துப்போய் அடுக்குவார்கள். “வியாழன் பிற்பகல் 2 மணிக்குள்” என்று கடையில் சொல்லுங்கள். 5 மணிக்கு முன்பாகக் குடும்பத்தார் தனியே வந்து பார்க்கும் நேரம் ஒன்று இருக்கும், அப்போதே பூ அங்கே இருக்கணும்.

---

ஓமஹாவாசி

ரொம்ப நன்றி, இரண்டு பேருக்கும். யூபி நிறம் என்ற யோசனை எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. இரங்கல் அறிவிப்பை இப்போதுதான் முழுதாகப் படித்தேன். கடைசி வரியில் “பூவுக்குப் பதிலாக நினைவு நிதி தரலாம்” என்கிற மாதிரி எழுதியிருக்கிறது. அப்படியானால் பூ அனுப்பினால் தவறாக எடுத்துக்கொள்வார்களா? கார்டு பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.

---

வடக்கு_வாசல்

வாசகத்தைக் கவனியுங்கள். “பூவுக்குப் பதிலாக” என்று மட்டும் இருந்தால் குடும்பத்தின் விருப்பம் நிதிதான். அதற்கு ஒரு நல்ல பங்கைக் கொடுங்கள். “பூ வேண்டாம்” என்று நேராக எழுதியிருந்தால் ஒரு காம்பு கூட அனுப்பக்கூடாது. நிதி என்று இருந்தும் எல்லாரும் சேர்ந்து ஒரு சின்னக் கூடை அனுப்பினால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஃபியூனரல் ஹோமுக்குப் போன் செய்யும்போதே “குடும்பத்தார் பூவை ஏற்கிறார்களா?” என்று கேட்டுவிடுங்கள். அவர்களுக்குத் தெரியும்.

120இல் 50 நிதிக்கு, 70 பூவுக்கு என்று பிரித்தால் அலங்காரம் சிறுக்கும், ஆனால் குடும்பம் சொன்னதை மதித்ததாக இருக்கும். நிதி அனுப்பும்போது இறந்தவர் பெயரில், மேனேஜர் குடும்பத்துக்குத் தகவல் போகும்படி முகவரி கொடுங்கள். இல்லாவிட்டால் யார் கொடுத்தது என்றே தெரியாது.

---

கத்தரியும் கம்பியும்

பூவுக்கு 70 என்றால் டெலிவரியும் வரியும் போக 53 டாலர் நிற்கும். அதற்குக் கூடை வேண்டாம், ஜாடிக் கொத்து சொல்லுங்கள். உயரம் குறைவு, காம்பு 12, 14 வரும். ஸ்பாஞ்சு இல்லாமல் நேராகத் தண்ணீரில் நிற்பதால் ஆயுளும் கூடும். இங்கே ஸ்பாஞ்சு பற்றி ஒன்று சொல்லணும், கூடை வாங்கும் மற்றவர்களுக்கும் ஆகும். அந்தப் பச்சைக் கட்டியைத் தண்ணீரில் போட்டால் அதுவாக மூழ்கணும். அவசரத்தில் கையால் அழுத்தி மூழ்கடித்தால் வெளிப்பக்கம் நனையும், நடுவில் காற்று அடைத்துக் காய்ந்தே கிடக்கும். அந்தக் காய்ந்த இடத்தில் போய் நிற்கிற காம்புக்குத் தண்ணீர் கிடைக்காது. ஒரே கூடையில் பத்துப் பூ நிமிர்ந்தும் மூன்று பூ மட்டும் தலை தொங்கியும் நின்றால் காரணம் பழைய பூ இல்லை, இதுதான்.

போனில் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். இறந்தவரின் முழுப்பெயர், எழுத்துக்கூட்டி. ஃபியூனரல் ஹோம் பெயர், ஏனென்றால் ஊரில் ஒன்றுக்கு மேல் இருக்கும், மாறிப் போவதும் இதில்தான். பார்வை நேரம், ஆராதனை நேரம். “டெலிவரி, வரி எல்லாம் சேர்த்து 70க்குள்” என்ற வாக்கியம். இதைச் சொல்லாவிட்டால் 70க்குப் பூ கட்டி மேலே 17 கேட்பார்கள். பட நம்பர் சொல்லாதீர்கள். நிறத்தைச் சொல்லி, “உங்களிடம் இன்று நன்றாக இருப்பதை வைத்துக் கட்டுங்கள்” என்று விட்டுவிடுங்கள். படத்தைச் சொன்னால் அதில் இருக்கும் ஒரு பூ இல்லாமல் போய் மாற்றுப் பூ வைப்பார்கள், உங்களுக்குக் குறையாகத் தெரியும். எது மாறக்கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: மஞ்சளும் சிவப்பும் கட்டாயம், லில்லி கூடாது. கடைசியாக, “கிளம்புமுன் ஒரு போட்டோ அனுப்ப முடியுமா?” பெரும்பாலான சின்னக் கடைகள் சந்தோஷமாக அனுப்பும்.

---

பிளாட்_நதிக்கரை

கார்டு விஷயம். பூவோடு வரும் கார்டு விசிட்டிங் கார்டு அளவுதான். மூன்று வரிக்கு மேல் எழுதினால் எழுத்து நுணுங்கிவிடும். ஆழ்ந்த இரங்கல் என்பதற்கு அங்கே வழக்கமாக எழுதுவது ‘வித் டீப்பெஸ்ட் சிம்பதி’. அதன் கீழே டீம் பெயரும் ஊரும். எட்டுப் பெயரையும் எழுத ஆசை இருந்தால் முதல் பெயர் மட்டும் எழுதுங்கள். இனிஷியலோடு நம் பெயர்களைப் போனில் சொன்னால் N எது M எது, B எது P எது என்று குழம்பும். பெயர்களை மின்னஞ்சலில் அனுப்பலாமா என்று கடையில் கேளுங்கள், அதுதான் பிழை வராத வழி. ‘சொர்க்கத்தில் இருப்பார்’, ‘கடவுள் அழைத்துக்கொண்டார்’ போன்ற வாசகம் வேண்டாம், அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை உங்களுக்குத் தெரியாது.

டீம் பெயர் எழுதுவது ஏன் முக்கியம் என்றால், அடக்கம் முடிந்ததும் ஃபியூனரல் ஹோம்காரர்கள் எல்லாக் கார்டையும் எடுத்து, பின்பக்கம் ‘மஞ்சள் ஜாடிக் கொத்து’ என்று குறிப்பு எழுதிக் குடும்பத்திடம் கொடுப்பார்கள். அதைப் பார்த்துத்தான் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் நன்றிக் கடிதம் எழுதுவார்கள். வெறும் முதல் பெயர்கள் மட்டும் இருந்தால் இறந்தவரின் மனைவி யாரென்று தெரியாமல் திண்டாடுவார்.

---

மடிப்பாக்கம்_மைந்தன்

இதோடு ஒரு சந்தேகம். நான் சென்னையில் இருக்கிறேன். இதே மாதிரி நார்த் பிளாட்டில் உள்ள ஒரு வீட்டுக்குப் பூ அனுப்ப முயன்றால் இந்திய வங்கிக் கார்டை எடுத்துக்கொள்வதில்லை. கடைக்காரர் போனில் எண் கேட்டுப் போட்டார், இரண்டு முறை மறுத்துவிட்டது. வழி உண்டா? அந்த வீட்டில் இருப்பவர் ரயில் ஓட்டுநர்.

---

வடக்கு_வாசல்

இரண்டு இடத்தில் தடுக்கும். ஒன்று, உங்கள் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்திருக்கும். அதைத் திறந்து, வரம்பையும் பாருங்கள். இரண்டு, அங்கே கார்டு எண்ணைக் கையால் தட்டும்போது மெஷின் ஐந்து இலக்க ஜிப் கோடு கேட்கும். நம் பின்கோடு ஆறு இலக்கம், பொருந்தாமல் மறுக்கும். கடைக்குச் சொந்தமான இணையதளம் இருந்தால் அதில் நாட்டை இந்தியா என்று தேர்ந்தெடுத்துக் கட்டிப் பாருங்கள். பேபால் வைத்திருந்தால் இன்னும் சுலபம். எதுவும் இல்லையென்றால் அமெரிக்காவில் இருக்கும் நண்பர் ஒருவரைப் போனில் கட்டச் சொல்லுங்கள். இதற்காக இடைத்தரகர் தளத்துக்குப் போகாதீர்கள்.

நேரம்: அங்கே காலை 9 மணி என்பது கோடையில் நமக்கு இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. நார்த் பிளாட் மத்திய நேர மண்டலம். ஆனால் மேற்கே அடுத்த மாவட்டத்துக்குள், ஒகலாலா பக்கம் போனால் மலை நேரம், ஒரு மணி பின்னால். டெலிவரி முகவரி அந்தப் பக்கக் கிராமம் என்றால் எந்த ஊர் மணி என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிறு கடை இருக்காது.

---

பிளாட்_நதிக்கரை

ரயில் ஓட்டுநர் வீடு என்பதால் இதையும் சேர்க்கிறேன். அவர்களுக்கு ஒன்பது மணிக்குப் போய் ஐந்து மணிக்கு வருகிற வேலை இல்லை. கூப்பிட்டால் போகணும், அந்தப் பக்கம் போய் ஓட்டலில் தங்கி அடுத்த வண்டியில் திரும்பணும். இரவு ஓட்டிவிட்டுப் பகலில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். முன்னறிவிப்பில்லாமல் வீட்டு மணி அடித்தால் ஒன்று ஆள் இருக்க மாட்டார், இல்லையென்றால் நல்ல தூக்கத்தில் இருப்பார். வீட்டில் வேறு யாருடைய போன் நம்பராவது கடைக்குக் கொடுத்து, “கிளம்புமுன் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டு போங்கள்” என்று சொல்லுங்கள். யார்டு முகவரிக்கு அனுப்பவே வேண்டாம், பூ கேட்டைத் தாண்டாது.

டிசம்பர் முதல் மார்ச் வரை இது இன்னும் கட்டாயம். உறைநிலைக்குக் கீழே இருக்கும் குளிரில் வாசல்படியில் வைத்துவிட்டுப் போனால் சில நிமிடத்தில் இதழ் கண்ணாடி மாதிரி ஆகி, வீட்டுக்குள் எடுத்துவந்ததும் பழுப்பாகக் கூழாகிவிடும். ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கொடுக்கலாமா என்பதை ஆர்டரிலேயே எழுதச் சொல்லுங்கள். பிப்ரவரி 14, மே மாதம் இரண்டாம் ஞாயிறு அன்னையர் தினம், இந்த இரண்டு வாரமும் கடைக்காரருக்கு மூச்சு விட நேரம் இருக்காது. பத்து நாள் முன்னாலேயே சொல்லிவிடணும்.

---

ஓமஹாவாசி

செவ்வாய் மதியத் தகவல். ஃபியூனரல் ஹோமில் மூன்று கடை சொன்னார்கள், குடும்பம் பூவை ஏற்கிறது என்றும் சொன்னார்கள். முதல் கடையிலேயே வேலை முடிந்தது. ஸ்னாப்டிராகன் நாளை வண்டியில் வருகிறதாம். யூபி நிறம் என்றதும் “புரிந்தது” என்றார்கள். எல்லாம் சேர்த்து 70க்குள், ஜாடிக் கொத்து, வியாழன் பிற்பகல் 2 மணிக்குள். 50 டாலர் நிதிக்குப் போய்விட்டது. கடைசியாக ஒன்று: வியாழன் ஏதாவது தவறினால் யாரை முதலில் கேட்பது?

---

கத்தரியும் கம்பியும்

வியாழன் 2.30க்கு ஃபியூனரல் ஹோமுக்குப் போன் செய்து, உங்கள் டீம் பெயர் போட்ட கொத்து வந்ததா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் உடனே கடை. டெலிவரி வண்டியில் ஏறிவிட்டதா, கூலரிலேயே நிற்கிறதா என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள், 5 மணிக்குள் சரிசெய்ய நேரம் இருக்கும். பூ சரியில்லை என்றால் அன்றே போட்டோவோடு கடைக்குச் சொல்லுங்கள். துக்கத்துக்குப் போன பூ என்பதால் வெள்ளிக் காலைக்குள் மாற்றிக் கொடுப்பதைத்தான் நல்ல கடை செய்யும். பணம் கட்டிய வங்கிக் கார்டு கம்பெனியில் புகார் போடுவதெல்லாம் கடை பதிலே சொல்லாதபோது மட்டும். ஆர்டர் எடுத்தவர் பெயரையும் ரசீது எண்ணையும் இப்போதே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.